பத்தாம் வகுப்புக்குப் பிறகு தொழில் படிப்பு: தேர்வது, சேர்வது, தேறுவது

பத்தாம் வகுப்பு முடித்த கையோடு தொழில் கற்க நினைக்கும் மாணவருக்குத் தமிழ்நாட்டில் மூன்று வழிகள் உண்டு. மேல்நிலைப் பள்ளியிலேயே இருக்கும் தொழிற்கல்விப் பிரிவு ஒன்று. ஐடிஐ என்று எல்லோரும் சொல்லும் தொழிற்பயிற்சி நிலையம் இரண்டாவது. பாலிடெக்னிக் டிப்ளமோ மூன்றாவது. 'இதில் எது நல்லது?' என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. 'இதை முடித்த பிறகு எங்கெல்லாம் போகலாம், எங்கே போக முடியாது?' என்று கேளுங்கள், தெளிவான பதில் உண்டு. பல வீடுகளில் இந்தக் கேள்வியே சேர்ந்து இரண்டு வருடம் கழித்துத்தான் எழுகிறது. அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

எந்த வழி எங்கே போகிறது

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை 1978-ல் வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. அடிப்படை இயந்திரவியல், மின்பொறியியல், மின்னணுவியல், கட்டடப் பொறியியல், தானியங்கி ஊர்திப் பொறியியல், நெசவியல், வேளாண் அறிவியல், செவிலியம், ஆடை வடிவமைப்பு, அலுவலக மேலாண்மை, கணக்குப்பதிவியல் என்று பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் ஒரு பள்ளியில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பொறியியல் சார்ந்த பிரிவுகளில் மொழிப்பாடங்களோடு கணிதம், அந்தத் தொழிலின் கருத்தியல், செய்முறை எல்லாம் உண்டு. இயற்பியலும் வேதியியலும் தனிப் பாடங்களாக இருக்காது. இந்த ஒரு விஷயத்தைச் சேரும் நாளிலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நீட் எழுத முடியாது. இயற்பியல், வேதியியல் கேட்கும் பட்டப்படிப்புகளுக்கும் போக முடியாது. அதே சமயம் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாமாண்டில் சேரலாம். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்விப் பிரிவினருக்குத் தனி ஒதுக்கீடும் தனித் தரவரிசையும் உண்டு. பொதுப் பிரிவில் கட்-ஆஃப் எட்டாத மாணவர் இங்கே இடம் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது.

செவிலியப் பிரிவில் சேரும் பெண்களிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிளஸ் டூ செவிலியம் முடித்ததும் நர்ஸ் ஆகிவிட முடியாது. நர்ஸாக வேலை பார்க்க அங்கீகரிக்கப்பட்ட நர்சிங் படிப்பை முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கேட்பார்கள். பி.எஸ்சி. நர்சிங்தான் வேண்டும் என்றால் அறிவியல் பிரிவுக்கே போவது சரி.

ஐடிஐ ஒன்று அல்லது இரண்டு வருடம். வெல்டர், கணினி இயக்குநர் என்று சொல்லும் 'கோபா', டீசல் மெக்கானிக், தையல் தொழில்நுட்பம் எல்லாம் ஒரு வருடப் படிப்புகள். பிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட், மோட்டார் வாகன மெக்கானிக், ஏசி மெக்கானிக் எல்லாம் இரண்டு வருடம். முடித்தால் என்டிசி எனப்படும் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். இரண்டு வருட டிரேடு, அதாவது தொழிற்பிரிவு, முடித்தவர் டிப்ளமோ இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் ஐடிஐ முடித்தவர் தமிழ், ஆங்கில மொழிப்பாடத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான தகுதி பெறலாம். 'ஐடிஐ போனால் பிளஸ் டூ இல்லாமல் போய்விடும்' என்ற பயத்தில் பிடித்த டிரேடை விட்டுவிடுபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பாலிடெக்னிக் மூன்று வருடம். பிறகு பி.இ. இரண்டாமாண்டில் நேரடிச் சேர்க்கை.

இப்போது வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்தாவதிலிருந்து பிளஸ் டூ இரண்டு, பி.இ. நான்கு, மொத்தம் ஆறு. டிப்ளமோ மூன்று, பி.இ. மூன்று, அதுவும் ஆறுதான். ஐடிஐ இரண்டு, டிப்ளமோ இரண்டு, பி.இ. மூன்று என்று போனால் ஏழு. ஒரு வருடம்தான் கூடுதல். அந்த ஒரு வருடத்துக்கு ஈடாக, எந்தக் கட்டத்தை முடித்துப் படிப்பை நிறுத்தினாலும் கையில் ஒரு சான்றிதழும் ஒரு தொழிலும் இருக்கும். வீட்டில் பண நெருக்கடி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற நிலை இருந்தால், எங்கள் பரிந்துரை ஐடிஐ வழிதான். பண நெருக்கடி இல்லை, கணிதமும் ஓரளவு வரும் என்றால் நேராக டிப்ளமோ. அதே ஊரில் நல்ல தொழிற்கல்வி ஆசிரியரோடு ஒரு மேல்நிலைப் பள்ளி இருந்து, மகனோ மகளோ இன்னும் முடிவெடுக்கத் திணறினால் பிளஸ் ஒன் தொழிற்கல்விப் பிரிவு. அந்த ஆசிரியர் பணியிடம் காலியாக இல்லையே என்று மட்டும் தலைமை ஆசிரியரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொழிற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளியில் செய்முறைப் பாடம் பெயருக்குத்தான் நடக்கும்.

சேரும் முன் பட்டறையைப் பாருங்கள்

விண்ணப்பம் போடும் முன் ஒரு வேலை நாளில், காலை பத்து மணிக்கு மேல், அந்த ஐடிஐக்குப் போய் ஒர்க்‌ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். கட்டடத்தையும் முகப்பையும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். பிட்டர் பிரிவில் ஒரு வைஸை (இரும்பை இறுக்கிப் பிடிக்கும் கருவி) எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு பயிற்சிக் குழுவுக்கு, 20 பேர். மூன்று பேருக்கு ஒரு வைஸ் என்றால் பயிற்சி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேடிக்கை பார்ப்பதிலேயே போய்விடும். எலக்ட்ரீஷியன் பிரிவில் மோட்டார் வைண்டிங் செய்யப் பழைய மோட்டார்கள் பிரித்துப் போட்டபடி கிடக்கிறதா, அல்லது எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருக்கிறதா? வெல்டிங் பிரிவில் கீழே எலக்ட்ரோடு துண்டுகளும் கசடும் கிடந்தால் நல்ல அறிகுறி. தரை பளபளவென்று இருந்தால் அங்கே யாரும் வெல்டிங் அடிப்பதில்லை.

2023 முதல் 71 அரசு ஐடிஐகள், டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாய் செலவில், தொழில் 4.0 தொழில்நுட்ப மையங்களாக மாற்றப்பட்டிருக்கின்றன. கணினி இயக்கும் இயந்திரங்களான சிஎன்சி, ரோபோடிக்ஸ், மின்வாகன மெக்கானிக் போன்ற புதிய டிரேடுகள் அங்கே உண்டு. பக்கத்து மாவட்டத்தில் ஒன்று இருந்தால்கூடப் போய்ப் பார்க்கத் தகும். போனால், பயிலும் மாணவர் ஒருவரிடமே 'இந்த மெஷினில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நீங்களே ஓட்டுகிறீர்கள்?' என்று கேளுங்கள்.

தனியார் ஐடிஐ என்றால் இன்னொரு கேள்வி மிக முக்கியம். நீங்கள் சேரும் அந்த டிரேடுக்கு, அந்த ஷிப்டுக்கு என்சிவிடி எனப்படும் தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவின் இணைப்பு இருக்கிறதா? நிலையத்துக்கு இணைப்பு இருந்தும் குறிப்பிட்ட யூனிட்டுக்கு இல்லாமல் போகலாம். அனுமதிக்கப்பட்ட இடங்களைவிடக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டால், கூடுதல் ஆட்களின் பெயர் இணையப் பதிவிலேயே ஏறாது. தேர்வு வரும்போதுதான் விஷயம் வெளியே வரும். இணைப்புச் சான்றின் நகலைக் கேளுங்கள். மொத்தக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

மாணவரின் உடல்நிலையையும் டிரேடோடு பொருத்திப் பார்க்க வேண்டும். எலக்ட்ரீஷியன் வேலை வயர்களின் நிறத்தை நம்பி நடக்கிறது. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (உதவி ரயில் ஓட்டுநர்) வேலைக்கு ஐடிஐ முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம், ஆனால் நிறப்பார்வைச் சோதனையில் தேற வேண்டும். சிவப்பும் பச்சையும் குழம்பும் பிள்ளைக்கு இது தெரியாமலே இரண்டு வருடம் போய்விடக் கூடாது. கண் மருத்துவரிடம் நிறப்பார்வையைச் சோதிக்கச் சில நிமிடம் போதும்.

விண்ணப்பம்

ஐடிஐ சேர்க்கையை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இணையவழியில் நடத்துகிறது. விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய். குறைந்தபட்ச வயது 14. ஆண்களுக்கு 40 வயது வரை, பெண்களுக்கு உச்ச வயதே கிடையாது. இணையத்தில் போடத் தெரியாதவர்கள் அருகிலுள்ள அரசு ஐடிஐக்கே போகலாம், அங்கே உதவி மையம் இருக்கும். மதிப்பெண், இட ஒதுக்கீடு அடிப்படையில் கலந்தாய்வு நடக்கும். அதன் பின்னும் காலியிடம் இருந்தால் நேரடிச் சேர்க்கை. முதல் கலந்தாய்வில் கேட்ட டிரேடு கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோய் ஏதோ ஒன்றில் சேர்ந்துவிடாதீர்கள். நேரடிச் சேர்க்கை அறிவிப்பு வரை பொறுத்துப் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் அளவு புகைப்படம், மாணவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு. பள்ளியை விட்டுக் கிளம்பும் முன், பள்ளிப் பதிவில் மாணவருக்கு உள்ள எமிஸ் எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உதவித்தொகைக்கு அது தேவைப்படும்.

அதிகம் சிக்கல் வருவது பெயரில்தான். பத்தாம் வகுப்புச் சான்றில் 'குமார் ரா' என்றும், ஆதாரில் 'ரா குமார்' என்றும், வங்கியில் அப்பா பெயர் முழுதாகவும் இருப்பது நம் ஊரில் சகஜம். ஐடிஐ பதிவு தேசிய இணையதளத்தில் ஏறுகிறது, சான்றிதழும் அந்தப் பதிவிலிருந்தே அச்சாகிறது. பதிவில் ஓர் எழுத்து தவறினால் சான்றிதழிலும் தவறும். பிறகு திருத்துவதற்கு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும், அதற்குள் வேலைக்கான அழைப்பு வந்து போயிருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றை மூலமாக வைத்து ஆதாரை அதற்குத் தகத் திருத்துங்கள். இந்த வேலையைக் கோடை விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். சேர்ந்த பிறகு, பயிற்றுநரிடம் பதிவைத் திரையில் காட்டச் சொல்லி உங்கள் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி மூன்றையும் நீங்களே படித்துப் பாருங்கள்.

காசுக் கணக்கு

அரசு ஐடிஐயில் பயிற்சி இலவசம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. மிதிவண்டி, சீருடை, காலணி, பாடநூல், வரைபடக் கருவிகள், பஸ் பாஸ் கிடைக்கும். இதற்கு மேல், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய்: பெண்களுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், ஆண்களுக்கு 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம். ஐடிஐ, டிப்ளமோ இரண்டுக்கும் பொருந்தும். பணம் வராமல் நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டியது வங்கிக் கணக்கு. ஆதார் எண் அந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதா, கணக்கு நீண்ட நாள் பயன்படுத்தாமல் முடங்கிவிட்டதா என்று வங்கியில் கேளுங்கள்.

பட்டறையில் முதல் மாதங்கள்

பிட்டர் டிரேடில் முதல் சில வாரங்கள் அரம் போடுவதிலேயே போகும். இந்த இடத்தில்தான் பலர் சலித்து, படிப்பை விட்டு ஓடுகிறார்கள். கை உருவாவதும் இதே வாரங்களில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

வைஸின் தாடை உங்கள் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். குள்ளமானவர் பலகை போட்டு ஏறி நிற்கலாம். பிடி இல்லாத அரத்தைத் தொடவே தொடாதீர்கள். அதன் கூர்வால் உள்ளங்கையில் ஏறிவிடும். இடது கால் முன்னால், வலது கை பிடியில், இடது உள்ளங்கை அரத்தின் முனையில். முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தம். திரும்பி இழுக்கும்போது அழுத்தக் கூடாது. பற்கள் முன்னோக்கி வெட்டும்படி இருப்பதால், அழுத்தி இழுத்தால் வெட்டுவது எதுவும் இல்லை, பற்கள்தான் மழுங்கும்.

புதியவர் எல்லோருக்கும் வரும் குறை, தகட்டின் நடுப்பகுதி மேடாகிவிடுவது. தள்ளத் தொடங்கும்போது இடது கை அழுத்தம் அதிகம், நடுவில் இரண்டும் சமம், முடிவில் வலது கை அதிகம் என்று மாற வேண்டும். அப்படி மாறாமல் இரு கையும் ஒரே மாதிரி அழுத்தினால் அரம் ஊஞ்சல்போல ஆடி, இரு ஓரங்களையும் தின்றுவிடும். செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரின் அலகைத் தகட்டின் முகத்தின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இரு ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்தால் நடு மேடு. எங்கும் வெளிச்சம் தெரியாமல் போகும்வரை மேட்டில் மட்டும் அரம் போடுங்கள்.

அரத்தின் பற்களில் துகள் அடைத்துக்கொண்டால் தகட்டின் முகத்தில் ஆழக் கீறல் விழும். கம்பி பிரஷால் பற்களின் போக்கிலேயே தேயுங்கள். கடைசி மெருகுக்கு முன் அரத்தில் சாக்பீஸ் பூசினால் துகள் ஒட்டாது. அரம் போட்ட முகத்தை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் அரம் வழுக்கும்.

சதுரக் கட்டை செய்யச் சொன்னால், நான்கு பக்கத்தையும் மாறி மாறித் தேய்க்க ஆரம்பிப்பதுதான் தோல்விக்கு நேர் வழி. முதலில் ஒரு முகத்தைத் தட்டையாக்குங்கள். அதுதான் ஆதார முகம். அடுத்த முகத்தை அதற்கு 90 டிகிரியில் கொண்டுவாருங்கள். இவ்விரண்டையும் ஆதாரமாக வைத்து, துல்லியமான சமதளப் பலகையான சர்ஃபேஸ் பிளேட்டில் மற்ற இரண்டுக்கும் கோடு போடுங்கள். ஹேக்ஸா பிளேடின் பற்கள் முன்னோக்கி இருக்கும்படி மாட்டி, கோட்டுக்கு வெளியே சுமார் 1 மி.மீ. விட்டு அறுங்கள். மீதியை அரத்தால் எடுங்கள். அளக்கும் முன் ஓரத்தின் பிசிறை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெர்னியர் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி இன்னும் தேய்த்தால் அளவு குறைந்துபோகும், குறைந்த இரும்பைத் திரும்பச் சேர்க்க வழியில்லை. வெர்னியரின் மீச்சிறு அளவு 0.02 மி.மீ. தாடைகளை மூடிப் பூஜ்ஜியம் பூஜ்ஜியத்தோடு பொருந்துகிறதா என்று தினமும் பார்த்துவிட்டு எடுங்கள்.

எலக்ட்ரீஷியன் மாணவருக்கும் இதே பொறுமைதான். சப்ளையை நிறுத்திவிட்டு, சுவிட்சை நம்பாமல் டெஸ்டரால் சோதித்து, பிறகே கையை வை. டெஸ்டரையும் முதலில் மின்சாரம் உள்ள பாயின்ட்டில் வைத்து எரிகிறதா என்று பார். 230 வோல்ட் முதல் தவறையே மன்னிக்காது.

வருகையும் தேர்வும்

இப்போதைய பாடத்திட்டத்தில் ஒரு வருடத்துக்கு 1,200 மணி நேரம். அதில் 840 செய்முறை. தொழிற்சாலையில் 150 மணி நேரப் பயிற்சியும் உண்டு. அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். மாலையில் வேலைக்குப் போகும் மாணவர்கள் தீபாவளி, பொங்கல் சீசனில் முதலாளி கூப்பிடுகிறார் என்று விடுப்பு எடுத்துவிட்டு, கடைசியில் இந்த 80-ல்தான் மாட்டுகிறார்கள். மாதம் ஒருமுறை உங்கள் வருகைச் சதவீதத்தைக் கேட்டு எழுதி வையுங்கள்.

தேர்ச்சிக்குச் செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் 60 சதவீதம், மற்றப் பாடங்களில் 33 சதவீதம் வேண்டும். எழுத்துத் தேர்வு கணினியில், கொள்குறி வினாக்களாக வரும். 33 எளிதுதான். தோற்பவர்கள் பெரும்பாலும் 60-ல் தோற்கிறார்கள். அகமதிப்பீடு என்பது ஒவ்வொரு ஜாபுக்கும், அதாவது பட்டறையில் செய்யும் ஒவ்வொரு பயிற்சி வேலைக்கும், அவ்வப்போது போடும் மதிப்பெண். கடைசி மாதத்தில் ரெக்கார்டு எழுதி நிரப்பிச் சரிக்கட்ட முடியாது. செய்த ஜாபையெல்லாம் தேதி போட்டுப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஐடிஐ முடித்து டிப்ளமோ இரண்டாமாண்டில் நேரடியாகச் சேருபவர்களுக்கு முட்டுக்கட்டை கணிதம்தான். முதலாண்டில் மற்றவர்கள் படித்த கணிதத்தை இவர்கள் படித்திருக்க மாட்டார்கள். ஐடிஐ இரண்டாம் வருடத்திலேயே ஒரு பாலிடெக்னிக் முதலாண்டுக் கணிதப் புத்தகம் வாங்கி, அணிகள், திரிகோணமிதி, வகையிடல் மூன்றையும் போட்டுப் பழகுங்கள். நாளைக்கு அரை மணி போதும், ஆனால் தினமும் வேண்டும்.

அப்ரண்டீஸ்

என்டிசி வாங்கிய பின் நேரே வேலை தேடாமல் ஒரு வருடம் அப்ரண்டீஸாக, அதாவது உதவித்தொகையோடு நிறுவனத்தில் தொழில் பழகுபவராக, போவது நல்லது. 1961-ம் ஆண்டின் அப்ரண்டீஸ் சட்டப்படி நடக்கும் பயிற்சி இது. 2019-ல் திருத்திய விதியில் ஐடிஐ சான்று பெற்றவருக்குக் குறைந்தபட்ச மாத உதவித்தொகை 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். ரயில் பெட்டி செய்யும் பெரம்பூர் ஐசிஎஃப், திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி போன்ற இடங்கள் அப்ரண்டீஸ்களை எடுக்கின்றன. அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்கள் குறைவு. எனவே தேர்வு எழுதியவுடனே தேசிய அப்ரண்டீஸ் இணையதளத்தில் பதிவு செய்துவிடுங்கள். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டால் அருகில் நடக்கும் அப்ரண்டீஸ் முகாம்களின் தேதியும் தெரியும்.

ஏமாற்றம் நடப்பது சிறு கம்பெனிகளில். 'டிரெய்னியாக வா, ஒரு வருடம் கழித்து பார்க்கலாம்' என்பார்கள். இணையதளத்தில் ஒப்பந்தம் பதிவாகி அதற்கு ஓர் எண் வந்திருந்தால்தான் அது அப்ரண்டீஸ். எண் இல்லாவிட்டால் குறைந்த கூலிக்கு வேலை பார்த்ததாகவே முடியும். அந்த ஒரு வருடத்துக்கு எந்தச் சான்றும் கிடைக்காது. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் டிரேடின் பெயர் உங்கள் என்டிசியில் உள்ளதுபோலவே இருக்கிறதா, தொடங்கும் தேதி, முடியும் தேதி, தொகை எல்லாம் சரியா என்று பாருங்கள். பயிற்சிக் காலம் முடிந்ததும் என்ஏசி எனப்படும் தேசிய அப்ரண்டீஸ் சான்றிதழுக்கான தேர்வு நடக்கும். நிரந்தர வேலை கிடைத்துவிட்டது என்று அதை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். பொதுத்துறை அறிவிப்புகளில் என்ஏசி பெற்றவர்களுக்கு முன்னுரிமை கேட்கும் இடங்கள் உண்டு. தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பொறுப்பு கம்பெனிக்கு இருந்தாலும், கடைசி மாதத்தில் நீங்களே போய் ஞாபகப்படுத்துங்கள்.